மணல்மேட்டுக்கு எழுதிய மொய்

எங்கள் ஆபீஸில் இப்போது கேள்வி கேட்க ஆளே வேண்டாமாம். போனுக்கு ஒரு லிங்க் அனுப்பினால் போதும். ஜனங்கள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே, கடலுக்கு எவ்வளவு கொடுக்கலாம், காட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று கட்டைவிரலால் தட்டிவிடுகிறார்கள். போன மாதம் அங்கே புதிதாகச் சேர்ந்த திவ்யா செங்கல்பட்டில் என் வீட்டைத் தேடி வந்து, "அக்கா, ஆபீஸ் மலர்ல போடறோம், நீங்க ஃபீல்டுல இருந்த கதையை எழுதிக் கொடுங்க" என்றாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். எழுதுவதில் ஒரு வசதி, படிக்கிறவர் முகம் எனக்குத் தெரியாது. எங்களுக்கு மேலாளராக இருந்த முகுந்தன் சாரும் படிப்பார். படிக்கட்டும்.

செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே, மாடியில்தான் ஆபீஸ். பெருக்குவதற்கும் டீ போடுவதற்கும்தான் நான் சேர்ந்தேன். அங்கே என்ன வேலை நடக்கிறது என்று மூன்று வருஷம் எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு வந்தது. விலை இல்லாத பொருளுக்கு விலை கேட்டுக்கொண்டு வருவதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

கத்தரிக்காய்க்குக் கடையில் விலை இருக்கிறது. கடல் காற்றுக்கு இல்லை. முகுந்தன் சார் ஒருநாள் டீ டம்ளரை வாங்கிக்கொண்டே எனக்கு விளக்கினார். "ஒரு ஏரியை மூடி ரோடு போடணும்னா, ரோட்டுக்கு இத்தனை கோடி லாபம்னு ஒரு எண் எழுதிடுவாங்க பச்சையம்மா. ஏரிக்கு எதிர்ல எண்ணே இருக்காது. வெறும் கட்டத்தைப் பாக்கறவங்க அதைப் பூச்சியம்னு படிச்சிடுவாங்க. அதனால ஏரிக்கும் ஒரு எண் வேணும்." அன்றைக்கு அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கும் அதுவரைக்கும் நியாயம்தான். அந்த எண்ணை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதில்தான் கூத்து.

எம்.ஏ. படித்த பெண்கள் படிவத்தோடு போனால் கதவு திறக்காது. ஒருநாள் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் என்று துணைக்கு என்னை அனுப்பினார்கள். நான் போய் நின்றால் தண்ணீர் கேட்க வந்தவள் என்று நினைத்துக் கதவைத் திறந்தார்கள். அதிலிருந்து டீ போட வேறு ஆள் வந்துவிட்டாள், என் தோளில் ஒரு பை ஏறிவிட்டது.

பயிற்சி ஒரு வாரம். அதில் ஐந்து நாள் கண்ணாடி முன்னால். கேள்வி கேட்கும்போது முகத்தில் எதையும் காட்டக் கூடாது. பத்து ரூபாய் என்று சொன்னால் உதடு சுழிக்கக் கூடாது, பத்தாயிரம் என்றால் புருவம் ஏறக் கூடாது. நம் முகத்தைப் பார்த்து ஆள் எண்ணை மாற்றிவிடுவாராம். படித்த பெண்கள் எல்லாம் கண்ணாடியில் தங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். நான் பிறந்ததிலிருந்தே தரையைப் பார்த்துப் பேசுகிறவள். சார் ஐந்தாவது நாள் எல்லாரையும் கூப்பிட்டு, "பச்சையம்மாவைப் பாருங்க, இதான் முகம்" என்றார். வாழ்க்கையில் என் முகத்தை ஒருவர் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அதுவும் அதில் ஒன்றும் இல்லை என்பதற்காக.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெற்கத்தி மனிதர், படூரில் ஏரி தெரியும் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தார். ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. படியில் படுத்திருக்கும் தெரு நாயைக்கூட "கொஞ்சம் நகருங்க" என்பார். படிவத்தில் தப்பு இருந்தால் பச்சை மைப் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, நம் பக்கம் திருப்பி வைத்து, மெதுவாக, "இது என்னன்னு சொல்லுங்களேன்" என்பார். ரெண்டு அறை கொடுத்திருந்தால் தேவலை என்று இருக்கும். கடற்கரைக்கும் ஷூ போட்டுக்கொண்டுதான் வருவார். திரும்பி வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, உள்ளே இருக்கும் மணலைப் பழைய தாளில் கொட்டி, நாலாக மடித்து, குப்பைக்கூடையில் போடுவார். அவர் கொண்டுவந்த மணலைச் சேர்த்து வைத்திருந்தால் ஆபீஸ் வாசலில் ஒரு சின்னக் கடற்கரை ஆகியிருக்கும்.

முதலில் மாமல்லபுரம் கடற்கரையில் நிற்க வைத்தார்கள். வருகிறவரை நிறுத்தி, எங்கிருந்து வந்தீர்கள், வண்டிக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேட்க வேண்டும். ஒரு ஆள் கடலைப் பார்க்க எவ்வளவு செலவழித்தாரோ, குறைந்தது அவ்வளவாவது அவருக்குக் கடல் மதிப்பு. அதுதான் கணக்கு. வடக்கே எங்கிருந்தோ ஒரு ஜோடி விமானத்தில் வந்து, காரில் இறங்கி, "வெயில் தாங்கல" என்று இருபது நிமிஷத்தில் கிளம்பிவிட்டது. என் படிவக் கட்டிலேயே பெரிய எண் அவர்களுடையதுதான். பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு மீன்காரம்மா தினமும் குப்பத்திலிருந்து நடந்து வருகிறவள். செலவு பூச்சியம்.

"சார், இந்தம்மா தெனமும் வராங்க" என்றேன்.

"அவங்க நம்ம கணக்குல வரமாட்டாங்க, பச்சையம்மா."

மீன்காரம்மா காதில் அது விழுந்துவிட்டது. "இன்னா நைனா சொல்ற? நான் வரமாட்டனா? இந்தக் கடலுக்கு நான்தான் தெனமும் வந்துகினு கீறேன். நீதான் ஷூ போட்டுகினு வருஷத்துக்கு ஒரு தபா வர்ற!"

சார் அவளுக்கு "நன்றிங்க" என்றார். அவருக்கு அவ்வளவுதான் வரும்.

அடுத்து படூர். அங்கே வேறு வழி. ஏரிப் பக்கம் பார்த்த வீடு என்ன விலை, ரோட்டுப் பக்கம் பார்த்த அதே அளவு வீடு என்ன விலை, வித்தியாசத்தைப் பிடித்தால் அது ஏரியின் மதிப்பு. ஏரிப் பக்க வீடு ஒன்றில் மணி அடித்தேன். ஜன்னலுக்குக் கொசுவலை, அதன்மேல் திரை, உள்ளே ஏசி. படிவத்தில் இல்லாத கேள்வி ஒன்று என் வாயிலிருந்து தப்பி விழுந்தது. "ஏரியை எப்பம்மா பாப்பீங்க?" அந்த அம்மா கொஞ்சம் யோசித்து, "வாங்கும்போது பார்த்தோம்" என்றாள்.

அந்த எண்ணும் அறிக்கையில் ஏறியது.

இப்போது மணல்மேட்டுக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்தாறு வருஷம் முன்னால். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பம், பேர் வேண்டாம். குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவே பனையும் சவுக்குமாக ஒரு பெரிய மணல்மேடு. உப்புக்காற்றை அதுதான் தடுக்கிறது. மேட்டுக்குப் பின்னால் இருக்கும் கிணற்றில் மட்டும்தான் வாயில் வைக்கிற தண்ணீர். நாலு எட்டு தள்ளித் தோண்டினால் உப்பு. அந்த மேட்டைச் சமமாக்கி வண்டி நிறுத்தவும், பக்கத்தில் ஒரு ஓட்டல் கட்டவும் ஒருவர் கேட்டிருந்தார். அவர் எத்தனை பேருக்கு வேலை, எவ்வளவு வருமானம் என்று எண்ணோடு வந்தார். மேட்டின் எதிரே கட்டம் காலி. அதை நிரப்பித் தரும்படி, அனுமதி கொடுக்கிறவர்கள் எங்கள் ஆபீஸைக் கேட்டார்கள். கடற்கரைக்கு வந்து போகிறவர்களிடம் ஆபீஸில் மற்றவர்கள் கேட்டார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்றார்கள். குப்பம் என் பங்கு.

கேள்வி இதுதான், இன்றைக்கும் மனப்பாடம்: "இந்த மணல்மேடு இப்போது உள்ளபடியே இருப்பதற்கு, உங்கள் குடும்பம் ஆண்டுக்கு ஒருமுறை அதிகபட்சம் எவ்வளவு தொகை தர விரும்பும்?"

முதல் வீடு ஊர்த் தலைவருடையது. அவர் சம்சாரம் வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தாள். கேள்வியைக் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாமே, மேட்டுக்குக் காதுகுத்தா?"

நான் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"சரி, எழுது. நூத்தியொண்ணு. அவரு பேரை மேல போடு."

அடுத்த வீடு அலமேலு. என் வயசு, மீன் விற்கிறவள், அந்தக் குப்பத்தில் அவள் வாய்க்குத் தலைவரே ஒதுங்குவார். கேள்வியை முடிக்கவே விடவில்லை. "தலைவர் வூட்ல இன்னா எழுதனாங்க?"

"அதைச் சொல்லக் கூடாதும்மா."

"நீ சொல்லாட்டி இன்னா, வேலியாண்ட நின்னுகினு கேட்டேன். நூத்தியொண்ணு. எனக்கும் அதையே எழுது. கொறச்சி எழுதிட்டு நாளைக்குக் கெணத்தாண்ட எந்த மூஞ்சிய வெச்சிகினு நிப்பேன்?"

அதற்கப்புறம் எனக்குக் கேள்வி கேட்கும் வேலையே இல்லை. செய்தி எனக்கு முன்னால் ஓடியது. தலைவரின் தம்பி பெண்டாட்டிக்கு ஓரகத்தியோடு ஏழாம் பொருத்தம். "நூத்தி அம்பத்தொண்ணு! பெருசா எழுது!" என்றாள். தனியாக இருக்கும் ஒரு கைம்பெண், "அம்பத்தொண்ணுதான் முடியும். ஆனா எங்க அப்பா பேரையும் சேத்துப் போடு" என்று பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதை எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். படிவத்தில் பேருக்கு இடம் கிடையாது, வீட்டு எண் மட்டும்தான். பேர் இல்லாமல் மொய்யா என்று அவர்கள் விடவில்லை. ஓரத்தில் எழுதினேன். விதிப்படி அது தப்பு.

மறுநாள் சார் கட்டைப் பிரித்தார். ஐம்பத்தொன்று, நூற்றியொன்று, நூற்றியொன்று, நூற்றியொன்று, நூற்றைம்பத்தொன்று. பச்சை வட்டம் மேல் பச்சை வட்டம். கடைசிப் படிவத்தை என் பக்கம் திருப்பினார்.

"இது என்னன்னு சொல்லுங்களேன்."

நான் பச்சை வட்டங்களை எண்ணினேன்.

"அம்பதுன்னு ஒருத்தர் சொல்லுவாங்க, நூறுன்னு ஒருத்தர் சொல்லுவாங்க, ஒண்ணுமில்லன்னு நாலு பேர் சொல்லுவாங்க. இது அத்தனையும் ஒரே ஆளு மனசுலேர்ந்து வந்த மாதிரி இருக்கே?"

அவர் கல்யாணத்துக்குப் போகாதவர் இல்லை. கவரில் ஒரு ரூபாய் சேர்த்து வைக்காதவரும் இல்லை. ஆனால் கல்யாணத்தில் இருக்கும் சார் வேறு, பச்சைப் பேனா பிடித்த சார் வேறு. நான் வீட்டில் உட்கார்ந்து நானே நிரப்பிவிட்டேன் என்று அவர் நினைத்தார். எனக்கு முன்னால் கலா என்ற பெண் கூடுவாஞ்சேரி பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து நாற்பது படிவம் நிரப்பிப் பிடிபட்டாள். அன்று மாலையே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். இப்போது என் படிவமும் பொய் என்றால், என் வேலை போகும். கூடவே குப்பமும் போகும். வண்டி நிறுத்த இடம் கேட்டவர்களின் எண் மட்டும்தான் மேட்டுக்கு எதிரே நிற்கும்.

"நாளைக்கு நானே பத்து வீட்டுல கேட்டுப் பார்க்கறேன். நீங்களும் வாங்க" என்றார் சார், டீ குடிக்க வாங்க என்கிற மாதிரி.

ஜீப்பில் போய் இறங்கினார். ஷூ, கழுத்தில் அடையாள அட்டை, கையில் அட்டை வைத்த படிவம். குப்பத்துப் பெண்கள் என்னைப் பார்க்கவில்லை, ஜீப்பைத்தான் பார்த்தார்கள். தலைவர் வீட்டில் கேள்வியை அழகாகப் படித்தார்.

"எங்க வூட்டு வரி எல்லாம் கட்டியாச்சு சார்" என்றாள் தலைவர் சம்சாரம்.

"வரி இல்லம்மா. நீங்க எவ்வளவு தர விரும்புவீங்கன்னு..."

"ஒரு பைசா கெடையாது."

அலமேலு வீட்டில் இன்னும் மோசம். "எங்க மேட்டுக்கு எங்ககிட்டயே துட்டா? நல்லா கீதே உன் நியாயம்! கெளம்பு, கெளம்பு." பத்து வீட்டிலும் பூச்சியம்.

பூச்சியத்தில் இரண்டு ஜாதி உண்டு என்று எங்களுக்குப் பாடம். கையில் இல்லாமல் ஒன்றும் தர முடியாது என்பவரின் பூச்சியத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் ஏன் தரணும் என்று சண்டைக்கு வருகிறவரின் பூச்சியம் கோபப் பூச்சியம். அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும், அவர் கேள்வியையே ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஏரிக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தால் பூச்சியம் என்று படிப்பார்களே என்று வருத்தப்பட்ட அதே சார், பத்து வீட்டையும் கோபத்தில் தள்ளிவிட்டு ஜீப்பில் ஏறினார். "நீங்க பஸ்ல வந்துடுங்க பச்சையம்மா, எனக்குப் படூர்ல வேலை இருக்கு" என்றார்.

ஜீப் திரும்பி மறைந்ததும் அலமேலு வந்தாள். கையில் கல்யாணக் கவர், மேலே ஒரு ரூபாய்க் காசு ஒட்டியது.

"இந்தா. நூத்தியொண்ணு."

"இப்பதானே ஒண்ணும் கெடையாதுன்னே?"

"அந்தாளுக்கு ஏன் தரணும்? ஜப்தி பண்ண வந்தவன் கணக்கா நின்னுகினு கேக்கறான். நாங்க மேட்டுக்கு எழுதனோம். அதுக்குத்தான் குடுக்கறோம்."

"அலமேலு, இது சும்மா கேள்விதான். பணம் வாங்கக் கூடாது."

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "சும்மாவா? சும்மா எவளாச்சும் மொய் எழுதுவாளா? நாலு பேரு எதுர்ல பேரைச் சொல்லி எழுதிட்டு, குடுக்காம போனா அது மானமா? பேஜாரு பண்ணாத, பிடி."

அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். பஸ் வருவதற்குள் என் பையில் ஒன்பது கவர். பத்தாவது அந்தக் கைம்பெண். சில்லறை மாற்றிக்கொண்டு ஓடிவந்து, நகர்கிற பஸ்ஸின் ஜன்னல் வழியாக மடியில் போட்டாள். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை என் மடியில் மீன் வாசனையோடு அந்தக் கவர்கள். எனக்குப் பயம்தான். இதையும் நானே வாங்கி ஒட்டினேன் என்று சார் சொன்னால்?

மறுநாள் காலை பத்துக் கவரையும் அவர் மேஜையில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றிலும் பேர் இருந்தது. என் படிவங்களின் ஓரத்தில் இருந்த அதே பேர், அதே தொகை.

சார் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பிறகு படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். தர விரும்புகிறார், தர இயலாது, தர மறுக்கிறார், தெரியவில்லை, பதில் சொல்லவில்லை. ஐந்து கட்டம். கொடுத்தேவிட்டார் என்பதற்குக் கட்டம் இல்லை. இத்தனை வருஷமும் விலை கேட்டோம். ஒருவராவது கொண்டுவந்து கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. சொல்வதில் பாதியைக்கூட ஜனங்கள் கொடுக்க மாட்டார்கள் என்பது சாரின் நம்பிக்கை. அறிக்கை எழுதும்போது எல்லார் எண்ணையும் பாதியாக வெட்டிவிடுவார்.

"இதை... திருப்பிக் கொடுத்துடுங்க" என்றார்.

அந்த ஆபீஸில் யாரும் கேட்காமல் நானாகப் பேசியது அப்போதுதான். "மொய்யைத் திருப்பிக் குடுக்கக் கூடாது சார். உங்க உறவே வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடும்."

"அப்ப என்னதான் பண்றது?"

"வாங்கினவங்க திருப்பிச் செய்யணும் சார்."

நான் பையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தேன். தரையைப் பார்த்துக்கொண்டேன். அவர் ஒருமுறை எல்லாருக்கும் காட்டிய அந்த முகத்தோடு கேட்டேன். "இந்த மணல்மேடு இப்போது உள்ளபடியே இருப்பதற்கு, உங்கள் குடும்பம் ஆண்டுக்கு ஒருமுறை அதிகபட்சம் எவ்வளவு தொகை தர விரும்பும்?"

கீழே ஸ்டேஷனில் பீச் ரயில் கிளம்பப் போவதாக மைக்கில் சொன்னார்கள். வேறு மேஜைகளில் எழுதுகிற சத்தம் நின்றுபோயிற்று.

"இருநூறு" என்றார் சார்.

எழுதினேன்.

"பச்சையம்மா... இது எழுதறதுக்கு மட்டும்தானே? கையில கொடுக்கணும்னு ஒண்ணும்..."

பதில் சொல்கிறவர் எதிர்க்கேள்வி கேட்டால் விளக்கம் சொல்லாதே, கேள்வியை மறுபடியும் அப்படியே படி என்று வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கிறது. அவரே எழுதிய புத்தகம். நான் மறுபடியும் அப்படியே படித்தேன்.

சார் கவர்களை ஒன்றாக அடுக்கினார். பிறகு குப்பத்தில் தாமே நிரப்பிய பத்துப் பூச்சியப் படிவங்களை எடுத்து, ஷூ மணலை மடிப்பது போலவே நாலாக மடித்து, குப்பைக்கூடையில் போட்டார். என் கட்டின் மேல் பச்சை மையில் 'சரி' என்று எழுதினார். அந்தக் கட்டின் எண்களை மட்டும் அவர் பாதியாக வெட்டவில்லை என்று பிறகு டைப் அடித்த பெண் சொன்னாள்.

கவர்களை ஆபீஸ் வைத்துக்கொள்ள முடியாது. தலைவர் சம்சாரத்திடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன், மேட்டுக்காகத்தான் என்று சொல்லி. ஆடி மாதம் மேட்டடியில் இருக்கும் அம்மனுக்குக் கூழ் ஊற்றியதில் அது கரைந்தது. எனக்கும் ஒரு தூக்குவாளிக் கூழ் வந்தது.

மேடு இன்றும் இருக்கிறது. எங்கள் அறிக்கைதான் காப்பாற்றியது என்று ஆபீஸில் சொல்கிறார்கள். அம்மன்தான் என்று குப்பத்தில் சொல்கிறார்கள். ஓட்டல்காரருக்கு வேறு இடத்தில் மலிவாகக் கிடைத்துவிட்டது என்று பஸ் டிரைவர் சொல்கிறார். மூன்று இடத்திலும் நான் தலையாட்டிவிட்டு வருகிறேன்.

அலமேலு மட்டும்தான் பேஜார். நான் அந்தப் பக்கம் போனால் போதும், கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பாள். "உங்க சாரு எழுதினாருன்னியே இருநூறு, அது இன்னாச்சு? ஒண்ணு சேக்காம எழுதினாருன்னு சொன்னப்பவே நெனச்சேன்!"

"வரும் அலமேலு" என்பேன்.

முகத்தில் ஒன்றும் காட்டமாட்டேன். கண்ணாடி முன்னால் ஐந்து நாள் பழக்கியிருக்கிறார்களே.